மின் நிலையக் கட்டடம்: ஒன்று

பழைய சுரங்கங்களில் தேங்கிய தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பது புத்தம் புதிய யோசனை என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் இலாகாவில் இன்று வேலை பார்க்கும் இளைஞர்கள் இருவர் அந்தக் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "நம்ம சித்தூர் ஜில்லாவில் இப்படி ஒன்று செய்தால் என்ன சார்?" என்று கேட்டார்கள். செய்தாயிற்று. ஒரு கோடை வரை அதிலிருந்து விளக்கு எரிந்தது. எப்படி எரிந்தது, எதை எரித்தது என்பதை வாயால் சொன்னபோது பாதிதான் நம்பினார்கள். மீதிக்காக எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தேன். கம்பம் நடவும், மீட்டர் பார்க்கவும், மேலதிகாரி சிரித்தால் கூடச் சிரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கடைசி வித்தை மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தபோது, எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். வீடு சித்தூரில் என்பதால் நான் ஆந்திரா என்று எழுதினேன்; ஆந்திராவில் போட்டார்கள். என் நண்பன் சென்னை என்று எழுதினான். அவனையும் ஆந்திராவில் போட்டார்கள். விருப்பம் கேட்பது நடைமுறை. கொடுப்பது நடைமுறையல்ல.

ராஜ்யம் பிரிந்ததே தவிர எல்லை பிரியவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் ஊர்கள் இங்கேயா அங்கேயா என்று வருஷக்கணக்கில் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சு முடியும்வரை அந்த ஊர்கள் மீது இரண்டு பக்கத்துக்கும் திடீர் அன்பு பொங்கியது. சென்னை ராஜ்யத்தில் ஊர் ஊராக மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஊர்களில் வரிசையாக விளக்கு தெரியும். இந்தப் பக்கம் இருட்டு. எல்லையை விசாரிக்க வருகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எங்கள் மேலிடத்துக்கு வந்துவிட்டது. இருட்டில் இருந்த மக்களைப் பற்றி வந்த கவலை அல்ல அது.

நகரி மலைச் சரிவில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், மணியக்காரர் ஏழுமலையின் பேரன்மார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊருக்கு மேலே மலையில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று முன்னொரு காலத்தில் தங்கம் தேடித் தோண்டியது. உச்சியில் கிணறு மாதிரி செங்குத்தான குழி. அதன் அடியில் நாலா பக்கமும் குடைந்த அறைகள். அறைகளில் ஊறும் தண்ணீரை வெளியேற்றச் சரிவின் நடுவில் ஒரு வடிகால் குகை. தங்கம் கிடைக்கவில்லை. கம்பெனி புறப்படும்போது குகை வாயை உள்ளே கல்சுவர் வைத்து அடைத்து, சுவரில் ஒரு சின்ன இரும்புக் குழாயும் திருகுவால்வும் பொருத்திவிட்டுப் போனது. சும்மா ஓடும் தண்ணீர் கீழே உள்ள வயல்களை அறுத்துவிடும் என்று ஊரார் கேட்டுக்கொண்டதால் அப்படி. அதன் பிறகு பெய்த மழையெல்லாம் பாறை இடுக்குகள் வழியாக இறங்கி அந்த அறைகளில் சேர்ந்தது.

சுரங்கத்தில் கூலியாக இருந்தவர்களுக்குப் போக இடமில்லை. குகை வாய்க்குக் கீழே கிடந்த கரம்பைத் திருத்தி, கோடையில் குழாய்த் தண்ணீரைக் கொண்டு கேழ்வரகும், அங்கே கல்லக்கா என்று சொல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்தார்கள். அதற்கு முன் ஒரு கைப்பிடி மண் சொந்தமாக இல்லாதவர்கள். அவர்களில் ஒருத்தி கன்னியம்மா. சுரங்கத்தில் பாறை உடைத்தவரின் மருமகள். அப்போது நாற்பது வயது இருக்கும். எங்கள் இலாகாவில் நான் கேட்ட எந்தக் கேள்வியையும்விட நல்ல கேள்விகள் கேட்பாள்.

எங்கள் டிவிஷனல் இன்ஜினியர் திருப்பதியில் இருந்தார். அவரை ராஜு காரு என்று வைத்துக்கொள்வோம். கோதாவரி டெல்டாக்காரர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள்; நானும் சொல்வேன். குரலை உயர்த்தியதே கிடையாது. பயணியர் விடுதியில் பல் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, துலக்கி முடித்து, என்னிடம் அன்றைய வேலைத் திட்டம் முழுவதையும் பேசிவிட்டுப் பிறகுதான் மூடுவார். மூடினால் உண்டு. பிறந்த வீட்டு வாசலில் கால்வாய் ஓட வளர்ந்தவர். தண்ணீர் என்பது எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும் ஒரு வஸ்து என்பதைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

யாராவது ஆட்சேபம் சொன்னால் முழுவதும் கேட்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "பாகா செப்பினாவு, நன்றாகச் சொன்னீர். அதை ஒரு நோட்டாக எழுதிக் கொடும்" என்பார். எழுதிக் கொடுத்தால் முதுகில் தட்டுவார். அத்துடன் அந்த ஆட்சேபத்தின் ஆயுள் முடிந்தது. திட்டுகிற அதிகாரியிடம் வேலை பார்த்திருக்கிறேன்; திட்டும்போது காது கேட்கிறது என்றாவது தெரியும்.

அந்த ஊரில் விளக்கு எரியவைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்து, குகை வாயைப் பார்க்க வந்த அன்று ராஜு காரு தாமே வால்வைத் திருகித் திறந்தார். கட்டியிருந்த தண்ணீர் பீறிட்டு அடித்தது. குழந்தை மாதிரி அதில் காலை நீட்டினார்.

"ஏமய்யா, இத்தனை நீள்ளு! இதை என்ன செய்கிறார்கள்?"

மணியக்காரர் ஏழுமலை முந்திக்கொண்டார். "வீணாப் போவுது சார். நாலு குடிசைக்காரங்க கேவுரு போட்டுக்கினு கீறாங்க."

"நாலு குடிசைக்காரங்க துன்றது வீணா மணியம்?" என்றாள் கன்னியம்மா. "உன் பொண்ணு கல்யாணத்துக்கு எங்கூட்டுக் கல்லக்கா மூட்டையா வந்து வாங்கிக்கினு போனியே, அது எந்தத் தண்ணில வெளஞ்சுதாம்?"

"இந்தாம்மே, பெரியவங்க பேசிக்கினு இருக்கங்காட்டி நடுவுல வராத."

"வால்வை மூடிட்டு பேசச் சொல்லு. நான் ஏன் வர்றேன்?"

வால்வை நான் மூடினேன். பிறகு ராஜு காருவிடம் நடைமுறையைச் சொன்னேன். ஒரு நீரோடையில் மின்சாரம் எடுக்குமுன் அதன் குறுக்கே அளவு வெட்டிய தகடு வைத்து, மழைக்காலம், பனிக்காலம், கோடை என்று வருஷம் முழுக்க ஓட்டத்தை அளக்க வேண்டும். கோடையில் ஓடும் மிகக் குறைந்த அளவுதான் கணக்கு. இது நீரோடையும் அல்ல. ஊறி வருவது கொஞ்சம், தேங்கி நிற்பது மலையளவு. உச்சிக் குழியில் கயிறு இறக்கி மட்டம் பார்க்க வேண்டும். கோடையில் குழாயைத் திறந்துவிட்டு மட்டம் எவ்வளவு இறங்குகிறது, மழையில் மூடிவைத்து எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால்தான் நமக்கு எவ்வளவு சொந்தம் என்று தெரியும்.

"ஓடுகிற தண்ணீரை மூடிவைத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்" என்று சிரித்தார்.

"இது தொட்டி சார். ஆறு இல்லை."

"தொட்டிக்கும் மேலே இருந்துதானே தண்ணீர் வரும்? எல்லை விசாரணைக்காரர்கள் வருவதற்குள் விளக்கு எரிய வேண்டும். நீர் சொன்னதை ஒரு நோட்டாக எழுதிக் கொடும்."

எழுதிக் கொடுத்தேன். முதுகில் தட்டினார்.

அடுத்து அவர் செய்தது டெல்டாக்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். சுவருக்குள் அடைபட்ட தண்ணீரை அவரால் சகிக்க முடியவில்லை. கால்வாய் மாதிரி திறந்து ஓடினால்தான் அவருக்குத் தண்ணீர். அந்தச் சுவரிலேயே பெரிய குழாயாக ஒன்று பொருத்தி வேண்டியபோது திறந்து மூடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டார், தலையை ஆட்டினார். சுவரை உடைத்து, குகை வாயில் திறந்த தொட்டி கட்டி, அங்கிருந்து அடிவாரத்துக்கு இரும்புக் குழாய் இறக்கினார். சுவர் உடைந்த அன்று வந்த வெள்ளத்தில் அளவுத் தகட்டை வைத்து, "இதுதான் ஓட்டம்" என்று அறிக்கையில் எழுதவைத்தார். குடத்தைக் கவிழ்த்துவிட்டு, கொட்டும் வேகத்தை ஊற்றின் வேகம் என்று எழுதிய அறிக்கை அது. மேலே யாரும் கேள்வி கேட்கவில்லை. எண்கள் தெளிவாகத் தட்டச்சாகியிருந்தன.

தேயிலைத் தோட்டம் ஒன்றில் கழித்துப்போட்ட சிறிய நீர்ச்சக்கரமும் ஜெனரேட்டரும் லாரியில் வந்தன. அடிவாரத்தில் கொத்திய கருங்கல்லால் மின் நிலையக் கட்டடம் எழுந்தது. சக்கரத்துக்கு ஒரு கொட்டகை போதும். ஆனால் கொட்டகையில் பெயர்க்கல் பதிக்க முடியாது. கம்பங்கள் மணியக்காரர் தெருவுக்கும் கோயிலுக்கும் சரியாக இருந்தன. குகை வாய்க்குக் கீழே உள்ள கூலிக்காரர் குடிசைகளுக்குப் போதவில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் எங்கே போனது என்று கேட்பீர்கள். அடிவாரத்தில் மணியக்காரர் நிலம். இரும்புக் குழாய் கன்னியம்மாவின் வயலின் ஊடாகத்தான் இறங்கியது; ஒரு சொட்டு அங்கே விழவில்லை.

திறப்பு விழாவில் கைதட்டல் பலமாக இருந்தது. எல்லை விசாரணைக்கு வந்தவர்கள் நகரியிலிருந்து ஜீப்பில் வந்து, விளக்குகளைப் பார்த்து, மணியக்காரர் வீட்டு மின்விசிறியின் கீழ் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கன்னியம்மா என்னைக் கம்பத்தடியில் பிடித்துக்கொண்டாள்.

"சார், இந்தத் தண்ணி எத்தினி நாளைக்கி வரும்?"

"மலைக்குள் இருக்கிறவரை."

"என் மாமன் வேலய விட்டு நின்னப்பவே செவுரு வெச்சாங்க. அப்ப எனக்குக் கல்யாணமே ஆவல. அன்னிலேர்ந்து சேந்த தண்ணி. நாங்க வெயில் காலத்துல ஒண்டி அளவாத் தொறந்துக்கினு இருந்தோம். இப்ப இராப்பகலா ஓடுது. தீந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

"யாருக்கு?"



உச்சிக் குழியில் நானே கயிறு இறக்கினேன். யாரும் உத்தரவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் கயிற்றில் நனையாத நீளம் கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் நோட்டு எழுதினேன். ஒவ்வொரு முறையும் பாராட்டுப் பெற்றேன். கடைசியாகத் திருப்பதிக்கே போய், மட்டம் குகைத் தரைக்கு இறங்கப் போகிறது என்று நேரில் சொன்னேன். "மழை வந்தால் நிரம்பிவிடும்" என்றார். நிரம்ப எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொன்னேன். "அட்லாகா!" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்படும் திறமை அவரிடம் குறைவில்லாமல் இருந்தது.

சித்திரை வெயிலில் விளக்குகள் சிவந்தன. பழுத்த மிளகாய் மாதிரி கம்பத்தில் தொங்கின. பிறகு அதுவும் இல்லை. சக்கரம் நின்றது. குகையிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு கசிவு மட்டும் வந்து தொட்டியிலேயே ஆவியாயிற்று. கன்னியம்மாவின் வயலில் கேழ்வரகு முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. கூலிக்காரர் குடும்பங்களில் சில, கரும்பு வெட்ட வெளியூர் போய்விட்டன. மணியக்காரருக்கு ஏரிப் பாசனம் இருந்தது. விளக்குப் போனதற்காக மட்டும் அவர் துக்கப்பட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எல்லைத் தீர்ப்பு வந்தது. ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. ஆனால் கைமாறும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஐப்பசி மழைக்குள் குகையில் மறுபடி சுவர் வைத்தால், அந்த வருஷத்து ஊற்றாவது உள்ளே தங்கும். வைக்காவிட்டால், மலை குடிக்கிற தண்ணீர் அத்தனையும் திறந்த குகை வழியாக ஓடிப்போகும். இன்னொரு வருஷம் காய்ந்தால் அந்தக் குடும்பங்கள் திரும்பி வரப்போவதில்லை. மிச்சம் இருந்தவர்களும் நிற்கப் போவதில்லை. தேவைப்பட்டது ஒரு சுவர். அணைக்கட்டு இல்லை.

சுவருக்காக எங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். வேறு ராஜ்யத்துக்குப் போகிற சொத்தில் நாம் வேலை செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. அது நியாயமான பதில் என்று ராஜு காரு எனக்கு விளக்கினார். எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு நானே பஸ் ஏறிப் போனேன். அங்கிருந்த அதிகாரி என்னுடன் படித்தவர்கள் மாதிரி சுத்தமான ஆங்கிலம் பேசினார். சுரங்கம் கைக்கு வராமல் கைவைக்க முடியாது என்றார். சரி, அது போகட்டும், உங்கள் கிராம மின்சாரத் திட்டத்திலாவது இந்த ஊரைச் சேர்த்துக் கம்பி இழுக்க முடியுமா என்று கேட்டேன். குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"முடியாது சார். இது மின்வசதி பெற்ற கிராமம்."

"அங்கே மின்சாரம் இல்லை ஐயா."

"ஆந்திராலேர்ந்து வந்த பட்டியல்ல வசதி பெற்றதுன்னு கீது. வசதி பெறாத ஊருக்குத்தான் இந்தத் திட்டம்."

"இப்போது வசதி போய்விட்டது. அதை எங்கே குறிப்பது?"

பதிவேட்டின் எல்லாக் கட்டங்களையும் இருவருமாகப் பார்த்தோம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வர ஒரு கட்டம் இருந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போக இல்லை. உலகத்தில் அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலும்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் மணியக்காரர் ஆள் அனுப்பினார். மின் நிலையக் கட்டடத்தின் கல்லைப் பேர்த்துக்கொண்டு போகிறார்களாம். அரசாங்கச் சொத்து. நான் பொறுப்பு அதிகாரி. போனேன்.

கட்டடத்துக்குக் கூரை இல்லை. ஒரு பக்கச் சுவரும் இல்லை. கரும்பு வெட்டப் போன குடும்பங்கள் திரும்பியிருந்தன. ஆண்களும் பெண்களுமாக வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குகைக்குள் போனேன். இடுப்பளவுக்குச் சுவர் எழும்பியிருந்தது. கன்னியம்மா சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"கேஸ் போட வந்தியா சார்? போடு. ஆனா செவுரு முடிஞ்ச அப்பால போடு. மேகம் கருத்துக்கினு கீது."

"இது யார் கட்டுகிற சுவர்?"

"யாரு ஒடச்சீங்களோ அவங்க கட்டல. அதான் நாங்க கட்றோம்."

"சுவர் நேராக இருக்கிறது."

"செவுரு நேரா இல்லாத பின்ன கோணலாவா கட்டுவாங்க?"

"தண்ணீர் தள்ளும். நேராகக் கட்டினால் முதல் மழையில் உங்கள் வயலில்தான் வந்து விழும். உள்பக்கம் வில் மாதிரி வளைத்துக் கட்டு. இரண்டு பக்கமும் பாறையில் காடி வெட்டி அதற்குள் கல்லை இறக்கு. தண்ணீர் தள்ளத் தள்ள இறுகும்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்த மின்னாலயே சொல்றதுக்கு இன்னா? இவ்ளோ கல்லயும் மறுபடி பிரிக்கணுமே!" பிறகு வெளியே பார்த்துக் கத்தினாள். "டேய் நைனா, உளி எட்த்துக்கினு வா. சார் நம்பள மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றாரு!"

அதற்குள் மணியக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்துவிட்டார். "பாத்தீங்களா சார்? கண்ணெதிரிலயே திருடறாங்க. புகார் எட்த்துக்கங்க."

"எடுத்துக்கொள்ள முடியாது மணியம். இந்தக் கட்டடம் எந்த ராஜ்யத்துடையது என்று முடிவாகும்வரை புகார் வாங்க எனக்கு அதிகாரமில்லை. விதி அப்படி."

"அப்ப யாருகிட்ட கொடுக்கறது?"

"இரண்டு ராஜ்யத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்."

அப்படி ஒரு விதி கிடையாது. வாழ்க்கை முழுக்க விதிகளைப் படித்தவனுக்கு, ஒரே ஒரு விதி எழுதும் உரிமைகூடவா இருக்காது? அவர் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். கடிதம் கிடைத்தது என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்ததாம்.

பெயர்க்கல்தான் கடைசியாகப் போனது. நீளமாக, அகலமாக, நன்றாகக் கொத்திய கல். காடிக்குள் அடிக்கல்லாக வைக்க அதைப்போல வேறு கல் இல்லை. எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி வைத்தார்கள். அடிவாரத்துக்கு இறங்கிய இரும்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டி, வால்வோடு பொருத்தினோம். சுண்ணாம்பு இறுக நாள் வேண்டும். மேகம் காத்திருக்குமோ என்ற கவலையில் அவர்கள் குகையிலேயே சமைத்துத் தின்றுகொண்டு கிடந்தார்கள். மழை கொஞ்சம் தாமதமாக வந்தது. மழைக்குக் கருணை என்றெல்லாம் எழுதமாட்டேன். அந்த வருஷம் அப்படி வந்தது, அவ்வளவுதான். சுவர் ஓரிரு இடத்தில் வியர்த்தது. நின்றது.

சொத்துகளைக் கைமாற்றும் நாள் வந்தது. ராஜு காருவும் அந்தப் பக்கத்து அதிகாரியும் நகரிப் பயணியர் விடுதியில் சந்தித்தார்கள். பட்டியலில் அந்த ஊருக்கான வரி: மின் நிலையக் கட்டடம், கருங்கல், ஒன்று. போய்ப் பார்க்கலாமா என்று அந்த அதிகாரி மரியாதைக்காகக் கேட்டார். பாதை சேறு என்றேன். அது உண்மை. இருவரும் தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டடம் எப்படி இருக்கிறது?" என்று ராஜு காரு என்னைக் கேட்டார்.

"கல் ஒவ்வொன்றும் உறுதியாக இருக்கிறது சார்."

கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கொடுத்தார், ஒருவர் பெற்றுக்கொண்டார். நல்ல நிலையில் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டடம் காகிதத்தில் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ராஜு காரு பதவி உயர்வில் தம் டெல்டாவுக்கே போனார். அங்கே அவர் மிக நல்ல அதிகாரியாக இருந்தார் என்று சொல்வார்கள். நம்புகிறேன்.

ஊருக்கு மின்கம்பி வர வெகுகாலம் ஆயிற்று. பக்கத்து ஊர்கள் எல்லாம் வாங்கிய பிறகு, பட்டியலில் வேறு யாரும் மிச்சமில்லை என்றபோது, மின்வசதி பெற்ற கிராமத்துக்கும் மின்வசதி கொடுத்தார்கள்.

தண்ணீர் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? முதல் கோடையில் குழாயில் நூல் மாதிரி வந்தது. அதற்கடுத்த கோடையில் அதைவிடக் கொஞ்சம். அதற்குப் பிறகு எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து, ஒரு பங்குனியில் சித்தூரிலிருந்து அந்த வழியாகப் போகும்போது ஜீப்பை நிறுத்தி ஏறிப் பார்த்தேன். மேலே போவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. வால்வடியில் இரண்டு கட்சியாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில், தலை நரைத்த கன்னியம்மா, மண்வெட்டியை வாய்க்காலில் ஊன்றிக்கொண்டு.

"நேத்து சாயங்காலமே உன் மொற முடிஞ்சி போச்சி! வயலு ரொம்பி வழியுது, இன்னும் தண்ணிய கட்டிக்கினு கீறியே, மீனு வளக்கப் போறியா?"

"நீ போன வாரம் ராத்திரில தொறந்துகினியே, அத்த யாரு கேக்கறது கெழவி?"

என்னைப் பார்த்ததும் அவள் அடையாளம் கண்டுகொண்டாள். நலம் விசாரிக்கவில்லை. "வா சார், நல்ல நேரத்துல வந்த. நீயே சொல்லு, இன்னிக்கி யாரு மொற?" என்றாள்.

 பாறை நிழலில் உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டேன். இல்லாத தண்ணீருக்கு யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.